கிழட்டுக் கடலோடியின் பசி: டென்னிசனின் ‘யுலிசீஸ்’ கவிதைக்குள் நுழைய ஒரு வழி

தமிழ்நாட்டில் பன்னிரண்டாம் வகுப்பு ஆங்கிலப் பாடநூல் வழியாக வந்தவர்கள் பலருக்கு ஆங்கிலக் கவிஞர் ஆல்ஃபிரட் டென்னிசனின் ‘யுலிசீஸ்’ புதிய பெயராக இருக்காது. அறிமுகமான விதம்தான் கொஞ்சம் கோளாறு. எந்த வரியில் உருவகம், எந்த வரியில் மோனை, இந்த வரியைச் சொன்னவர் யார், இத்தனை மதிப்பெண்ணுக்கு ஒரு பத்தி என்று கூறுபோட்டுவிட்டு, தேர்வு முடிந்த கையோடு மறந்துவிடுகிறோம். மனதில் நிற்பது கடைசி வரி ஒன்றுதான். முயல்வது, தேடுவது, கண்டடைவது, விட்டுக்கொடுக்காமல் இருப்பது என்ற அந்த வரியை ஊக்க உரைகளிலும் சுவரொட்டிகளிலும் பார்த்திருப்பீர்கள்.

இந்தக் கட்டுரை, கவிதையை முதல்முறையாகக் கையில் எடுப்பவர்களுக்கும், பள்ளியில் படித்ததை மறுபடி பார்க்க நினைப்பவர்களுக்கும். ஆங்கில இலக்கியப் பட்டம் எல்லாம் வேண்டாம். ஓரளவு ஆங்கிலம், ஒரு பென்சில், யாரும் தொந்தரவு செய்யாத ஒரு சாயங்காலம் போதும். முறையும் எளிதுதான். ஒரே ஒரு கேள்வியை விடாமல் பிடித்துக்கொண்டு படிக்கப் போகிறோம்: கவிதையில் பேசுகிற யுலிசீஸ் இதையெல்லாம் யாரிடம் சொல்லிக்கொண்டிருக்கிறான்?

முதலில் கதை

கவிதை பாதிக் கதையை நமக்குத் தெரியும் என்று வைத்துக்கொண்டுதான் தொடங்குகிறது. அதனால் பண்டைய கிரேக்கக் கவிஞர் ஹோமரின் ‘ஒடிசி’ காவியத்தில் நடந்ததைச் சுருக்கமாகத் தெரிந்துகொள்ளுங்கள்.

யுலிசீஸ், கிரேக்கர்கள் ஒடிசியூஸ் என்று அழைத்தவன், இதாக்கா என்ற சின்னத் தீவின் அரசன். டிராய்ப் போருக்குப் போனான். போர் பத்து வருடம். திரும்பி வர இன்னொரு பத்து வருடம். வழியில் ஒற்றைக் கண் அரக்கனைக் குருடாக்கி, அவனுடைய அப்பாவான கடல் கடவுள் பொசைடனின் பகையைச் சம்பாதித்தான். சூனியக்காரி ஒருத்தியின் தீவில் ஒரு வருடம், கலிப்சோ என்ற தேவமகளின் தீவில் ஏழு வருடம் கழிந்தது. இறந்தவர்களின் உலகத்துக்கே போய்வந்தான். இதற்கிடையில் ஊரில் மனைவி பெனலோப்பியை மணக்க நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் அவன் வீட்டிலேயே உட்கார்ந்து அவன் ஆடுமாடுகளைத் தின்றுகொண்டிருந்தார்கள். கைக்குழந்தையாக விட்டுப்போன மகன் டெலிமாக்கஸ் வாலிபனாகிவிட்டான். யுலிசீஸ் பிச்சைக்காரன் வேடத்தில் வந்து, மகனோடு சேர்ந்து அத்தனை பேரையும் கொன்று, வீட்டையும் மனைவியையும் மீட்டான்.

இதில் ஒரு விவரத்தை மட்டும் அடிக்கோடு போட்டு வையுங்கள். அவனோடு போன மாலுமிகளில் ஒருவர்கூட உயிரோடு ஊர் திரும்பவில்லை. கடைசியாக மிஞ்சிய கப்பலில் இருந்தவர்கள், சூரியக் கடவுளின் மாடுகளை அடித்துத் தின்ற குற்றத்துக்காக, கடவுள்களின் தலைவன் ஜீயஸின் இடி விழுந்து கடலோடு போனார்கள். இதாக்காவில் கரையேறியபோது அவன் தனியாள். இது நமக்குப் பின்னால் தேவைப்படும்.

அப்புறம் இன்னொரு ஆளையும் தெரிந்துகொள்ள வேண்டும். பதினான்காம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இத்தாலியக் கவிஞர் தாந்தே தன்னுடைய நரகக் காண்டத்தில், இருபத்தாறாம் பாடலில், இதே யுலிசீஸை நெருப்புச் சுடருக்குள் அடைத்துவைக்கிறார். பொய்யான ஆலோசனையால் பிறரை ஏமாற்றியவர்களுக்கான குழி அது. தாந்தேயின் யுலிசீஸ் வீட்டுக்கே போகவில்லை. மகன் மேல் பாசமோ, கிழட்டு அப்பாவின் மேல் மரியாதையோ, மனைவிக்குத் தரவேண்டிய காதலோ, உலகத்தைப் பார்த்துவிட வேண்டும் என்ற வெறியை அடக்க முடியவில்லை என்று அவனே சொல்கிறான். வயதாகித் தளர்ந்துபோன சில தோழர்களோடு, ஜிப்ரால்டர் நீரிணைக்கு அப்பால், மனிதர்கள் தாண்டக் கூடாத எல்லையைத் தாண்டுகிறான். மிருகங்கள் மாதிரி வாழவா நீங்கள் பிறந்தீர்கள் என்று ஒரு சின்ன உரையில் அவர்களை ஏற்றிவிடுகிறான். ஐந்து மாதம் கழித்து தூரத்தில் ஒரு மலை தெரிகிறது. அங்கிருந்து கிளம்பிய சுழற்காற்று கப்பலை மூன்று முறை சுற்றி, நான்காவது முறை மூழ்கடிக்கிறது.

டென்னிசன் இந்த இரண்டு பேரையும் ஒட்டவைத்தார். வீடு திரும்பியவன் ஹோமரிடமிருந்து வந்தவன். வீட்டில் இருக்க முடியாதவன் தாந்தேயிடமிருந்து. பின்னணிக் கதை இவ்வளவு போதும். உரைநூல்களை இப்போதைக்குத் தொடாதீர்கள்.

பென்சிலால் மூன்று கோடு

1842இல் அச்சான கவிதை, பதிப்புரிமை எப்போதோ முடிந்துவிட்டது. இணையத்தில் எங்கும் இலவசமாகக் கிடைக்கும். மொத்தம் 70 வரி இருக்கிறதா என்று மட்டும் எண்ணிப் பாருங்கள். பல இடங்களில் கடைசிப் பகுதியை மட்டும் வெட்டிப் போட்டிருப்பார்கள். தாளில் அச்செடுத்துக்கொண்டால் நல்லது. கைப்பேசித் திரையில் வரிகள் தப்பான இடத்தில் மடங்கி, கவிதை உரைநடைபோலத் தெரியும்.

இப்போது ஐந்தாம் வரிக்குக் கீழே ஒரு கோடு. முப்பத்திரண்டாம் வரிக்குக் கீழே ஒன்று. நாற்பத்து மூன்றாம் வரிக்குக் கீழே ஒன்று. நான்கு துண்டு கிடைக்கும்: முதலில் ஐந்து வரி, அப்புறம் இருபத்தேழு, அப்புறம் பதினொன்று, கடைசியில் மறுபடி இருபத்தேழு. பெரும்பாலான பதிப்புகளில் பின்னிரண்டு பிரிவுகள் அச்சிலேயே தெரியும். முதல் பிரிவை நாம்தான் போட்டுக்கொள்ள வேண்டும். ஆனால் அது கண்ணுக்குத் தெரியாத பிரிவு இல்லை. ஆறாம் வரியில் குரலே மாறுகிறது.

வாய்விட்டுப் படியுங்கள்

பொருள் புரியாவிட்டாலும் முதல் வாசிப்பு சத்தமாக இருக்கட்டும். ஐந்து நிமிட வேலை. எதுகை, இயைபு என்று காது தேடும். இந்தக் கவிதையில் வரி முடிவில் ஓசை ஒத்துப்போகாது. வரிக்கு ஐந்து அழுத்தம், அவ்வளவுதான் கட்டு. முக்கியமான விதி ஒன்று: வரி முடிந்த இடத்தில் நிற்காதீர்கள், நிறுத்தற்குறி வந்த இடத்தில் நில்லுங்கள். முதல் ஐந்து வரியும் ஒரே வாக்கியம். வரிக்கு வரி நின்று படித்தால் மூச்சு வாங்கும், பொருளும் சிதறும்.

கடைசித் துண்டுக்கு வரும்போது வேகம் தானாகக் குறையும். இந்த இடத்தைத் தமிழ் எழுத்திலேயே தருகிறேன், படித்துப் பாருங்கள்:

தி லாங் டே வேன்ஸ், தி ஸ்லோ மூன் க்ளைம்ஸ், தி டீப்
மோன்ஸ் ரௌண்ட் வித் மெனி வாய்சஸ்.

நீண்ட பகல் தேய்கிறது, மெதுவான நிலா ஏறுகிறது, கடல் பல குரலில் முனகுகிறது என்று பொருள். முதல் வரியில் ஒவ்வொரு சொல்லும் ஓரசை. உயிரோசைகள் நெடில்கள். வேகமாகச் சொல்ல முயன்று பாருங்கள், நாக்கு மறுக்கும். கப்பல் புறப்படத் தயாராக நிற்கிறது, தலைவன் அவசரப்படுத்துகிறான், ஆனால் வரி நகரமாட்டேன் என்கிறது. இதை டென்னிசனின் காலத்திலேயே கவனித்திருக்கிறார்கள். விமர்சகர் மேத்யூ ஆர்னால்ட், இதே கவிதையின் 19 முதல் 21 வரையிலான மூன்று வரிகளைக் குறித்து, இந்த மூன்று வரியும் ஹோமரின் இன்னொரு காவியமான இலியட்டில் ஒரு முழுக் காண்டம் எடுத்துக்கொள்ளும் நேரத்தைக் கிட்டத்தட்ட எடுத்துக்கொள்கின்றன என்று எழுதினார். குறையாகச் சொன்னாரோ என்னவோ, எனக்கு அது பாராட்டாகத்தான் படுகிறது. கால் ஓய்ந்த ஒருவன் பயணம் பற்றிப் பேசினால் இப்படித்தான் இருக்கும்.

தெரியாத சொற்கள் அதிகம் இல்லை. நின்று பார்க்க வேண்டியவை சில. ஹயடிஸ் என்பது ரோகிணி நட்சத்திரத்தை ஒட்டித் தெரியும் ஒரு விண்மீன் கூட்டம். அது தெரியும் காலம் மழைக்காலம் என்பது கிரேக்க மாலுமிகளின் கணக்கு. ‘மேற்கு நட்சத்திரங்கள் குளிக்கும் இடம்’ என்று வருவது, உலகத்தைச் சுற்றி ஓடும் பெருங்கடலில் நட்சத்திரங்கள் இறங்கி மறைவதாக அவர்கள் நினைத்ததிலிருந்து. ‘இன்பத் தீவுகள்’ என்பது மேற்கே, வீரர்கள் இறந்த பிறகு போய்ச் சேரும் இடம். கவிதையில் வரும் திசை எல்லாமே மேற்குதான் என்பதையும் ஓரத்தில் குறித்துக்கொள்ளுங்கள்.

இப்போது கேள்வியை எடுப்போம்

முதல் துண்டு. சும்மா உட்கார்ந்திருக்கும் அரசன், அணைந்த அடுப்பு மாதிரி அசையாத வீடு, வறண்ட பாறைகள், பக்கத்தில் கிழட்டு மனைவி. காட்டுமிராண்டி ஜனங்களுக்கு நியாயம் அளந்துகொண்டிருக்கிறேன், அவர்கள் சேர்த்து வைக்கிறார்கள், தூங்குகிறார்கள், தின்கிறார்கள், நான் யாரென்று அவர்களுக்குத் தெரியவில்லை என்கிறான்.

இதை யாரிடம் சொல்வான்? சபையில் சொல்ல முடியாது, மனைவி காதில் விழும்படியும் சொல்ல முடியாது. தனக்குள் புழுங்குகிறான் என்றுதான் எடுத்துக்கொள்ள வேண்டும். பெனலோப்பி இருபது வருடம் காத்திருந்தவள். பகலில் நெய்ததை இரவில் பிரித்துப்போட்டு மாப்பிள்ளைகளை ஏய்த்தவள், புருஷனுக்குச் சமமான சாமர்த்தியக்காரி. கவிதையில் அவளுக்குப் பெயர்கூட இல்லை. எழுபது வரியில் அவள் வருவது இந்த ஒரே இடத்தில், அதுவும் வயதைச் சொல்லி. இவனுக்கு மட்டும் வயதாகவில்லையா என்று கேட்கத் தோன்றினால் நீங்கள் சரியாகத்தான் படிக்கிறீர்கள்.

இரண்டாம் துண்டில் குரல் நிமிர்கிறது. வாழ்க்கையை அடிமண்டி வரை குடித்துவிடுவேன் என்கிறான். பசித்த நெஞ்சோடு அலைந்தேன், டிராய்ச் சமவெளியில் போரின் களிப்பைக் குடித்தேன் என்கிறான். ஒரு வேலை செய்யுங்கள். பசி, குடி, தீனி, சேமிப்பு என்று வரும் இடங்களையெல்லாம் முதல் முப்பத்திரண்டு வரியில் வட்டமிடுங்கள். வேடிக்கை வெளியே வரும். தின்பதற்காக ஜனங்களை ஏளனம் செய்தவன், தன்னைப் பற்றிச் சொல்லும்போது குடிப்பதும் பசிப்பதுமாகத்தான் சொல்கிறான். அவர்கள் சேர்த்துவைக்கிறார்கள் என்று ஐந்தாம் வரியில் குறை சொன்னவன், மிச்சமிருக்கும் சில வருடங்களுக்காக என்னை நானே சேர்த்துவைப்பது கேவலம் என்று பின்னால் சொல்கிறான். அந்த ஜனங்களிடம் அவன் வெறுத்தது எதுவோ, அது தனக்குள்ளும் வந்துவிடுமோ என்று பயப்படுகிறான்.

இந்தத் துண்டின் நடுவில்தான் ஆர்னால்ட் சொன்ன மூன்று வரிகள் இருக்கின்றன. நான் சந்தித்த எல்லாவற்றிலும் நான் ஒரு பகுதி. ஆனாலும் அனுபவம் என்பது ஒரு வளைவு, அதன் வழியாகப் போகாத உலகம் மின்னுகிறது, நான் நகர நகர அதன் விளிம்பும் நகர்ந்துகொண்டே போகிறது என்கிறான். பலரும் இதை நம்பிக்கையாகப் படிக்கிறார்கள். எனக்குக் கொஞ்சம் திகிலாக இருக்கிறது. எட்டிப் பிடிக்க முடியாத ஒன்றின் பின்னால் போகிறோம் என்று தெரிந்தே போகிறவனின் பேச்சு இது. மூச்சு விடுவதுதான் வாழ்வதா என்ன என்று அவன் சட்டென்று சீறுவதும் இங்கேதான். அந்த ஒரு வரிக்கு அவனை மன்னித்துவிடலாம் போலிருக்கும்.

ஷேக்ஸ்பியர் படித்தவர்களுக்கு ஒரு குறிப்பு. தூங்கித் தின்பது மட்டும்தான் மனிதனின் பிழைப்பு என்றால் அவன் மிருகத்துக்கு மேல் என்ன என்று ஹாம்லெட் கேட்கும் இடத்தின் எதிரொலி இதில் இருக்கிறது. மற்றவர்கள் கடந்துபோகலாம்.

மகனைப் பற்றிய பதினொரு வரி

மூன்றாம் துண்டு, இவன் என் மகன், என் சொந்த டெலிமாக்கஸ் என்று தொடங்குகிறது. கையைக் காட்டி அறிமுகப்படுத்துகிற தோரணை. அப்படியென்றால் எதிரில் ஆள் இருக்கிறது. இவ்வளவு நேரம் புழுங்கிக்கொண்டிருந்தவன் இப்போது வெளியே வந்து யாருக்கோ முன்னால் நிற்கிறான். சபையோ, ஊர்ப் பெரியவர்களோ, கவிதை சொல்லவில்லை.

என்ன சொல்கிறான் என்று பாருங்கள். மகன் பொறுமைசாலி, குறை சொல்ல முடியாதவன், கடமையில் நிற்பவன், நான் போன பிறகு வீட்டுத் தெய்வங்களுக்குச் செய்யவேண்டியதைச் செய்வான். அவன் வேலை அவனுக்கு, என் வேலை எனக்கு. ஓய்வுபெறும் மேலதிகாரி கீழ்நிலை ஊழியருக்கு எழுதித் தரும் நற்சான்றிதழ் மாதிரி இருக்கிறது. எல்லாம் உண்மை, எல்லாம் நல்ல வார்த்தை, ஆனால் ஒரு வரியிலும் சூடு இல்லை. மற்ற இடங்களில் கடலும் இடியும் நட்சத்திரமுமாகப் பேசுகிறவனுக்கு மகனைப் பற்றிச் சொல்ல ஒரு படிமம்கூடக் கிடைக்கவில்லை.

இங்கே ஒரு பயிற்சி. இந்தப் பதினொரு வரியையும் இரண்டு தடவை சத்தமாகப் படியுங்கள். முதல் தடவை, பெருமைப்படும் அப்பாவாக. இரண்டாம் தடவை, கப்பலுக்கு நேரமாகிவிட்டது, இதைச் சொல்லி முடித்தால் கிளம்பிவிடலாம் என்ற அவசரத்தோடு. இரண்டுமே பொருந்தும். நண்பர் ஒருவரைப் படிக்கவைத்து, அவர் எந்தக் குரலில் படிக்கிறார் என்று கேட்டுப் பாருங்கள். வீட்டில் இருக்கிற பிள்ளையா, வெளியூர் போன பிள்ளையா என்பதைப் பொறுத்துக் குரல் மாறுவது நல்ல வேடிக்கை.

முரட்டு ஜனங்களைப் படிப்படியாகச் சாதுவாக்கி, பயனுள்ளதற்கும் நல்லதற்கும் பழக்குவது மகனின் வேலை என்று ஒரு வரி போகிறது. பிரிட்டிஷ் ஆட்சியின் கீழ் வாழ்ந்தவர்களின் பேரப்பிள்ளைகளான நமக்கு இந்தத் தொனி எங்கேயோ கேட்ட மாதிரி இருக்கும். கவிதை அச்சான 1842இல் லண்டனில் இருந்து இந்தியாவைப் பற்றிப் பேசியவர்களும் இப்படித்தான் பேசினார்கள். டென்னிசன் அதை நினைத்து எழுதினார் என்று சொல்ல வரவில்லை. காதில் விழுவதைக் கேட்காத மாதிரி இருக்கவும் வேண்டியதில்லை.

மாலுமிகள்

நான்காம் துண்டு. அதோ துறைமுகம், கப்பல் பாயைப் புடைக்கிறது, இருண்ட அகலமான கடல். என் மாலுமிகளே, என்னோடு உழைத்தவர்களே, உழன்றவர்களே, சிந்தித்தவர்களே, இடியையும் வெயிலையும் ஒரே குதூகலத்தோடு வரவேற்றவர்களே, நீங்களும் நானும் கிழவர்களாகிவிட்டோம்.

கடைசியில் கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது. மாலுமிகளிடம் பேசுகிறான். சரி, எந்த மாலுமிகள்?

முதலில் அடிக்கோடு போட்ட விவரத்துக்குத் திரும்புங்கள். அவனோடு உழைத்தவர்கள் எல்லாரும் செத்துப்போனார்கள். கடைசியாக மிஞ்சியவர்கள் அந்த இடியில்தான் செத்தார்கள். இதாக்காவின் துறையில் நின்று ‘என்னோடு இருந்தவர்களே’ என்று கூப்பிட ஹோமரின் யுலிசீஸுக்கு யாரும் இல்லை. இதற்குச் சுலபமான விளக்கம், டென்னிசன் மாலுமிகளைத் தாந்தேயிடமிருந்து எடுத்துக்கொண்டார் என்பது. அது சரியான விளக்கமும்கூட. ஆனால் ஹோமரைக் கரைத்துக் குடித்த, கேம்பிரிட்ஜில் படித்த டென்னிசனுக்கு அந்தச் சாவுகள் மறந்திருக்க வாய்ப்பில்லை.

இப்போதுதான் எழுதியவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். முன்பே சொல்லியிருந்தால் முதல் வாசிப்பு கெட்டுப்போயிருக்கும். இந்தக் கிழவனின் குரலை எழுதியபோது டென்னிசனுக்கு வயது 24. 1833 செப்டம்பர் 15 அன்று அவருடைய உயிர் நண்பர் ஆர்தர் ஹென்றி ஹாலம் வியன்னாவில் திடீரென்று இறந்தார். வயது 22. கேம்பிரிட்ஜ் டிரினிட்டி கல்லூரியில் சேர்ந்து படித்தவர், டென்னிசனின் தங்கை எமிலிக்கு நிச்சயிக்கப்பட்டிருந்தவர். செய்தி அக்டோபர் தொடக்கத்தில்தான் இங்கிலாந்தில் லிங்கன்ஷயர் கிராமத்துக்கு வந்து சேர்ந்தது. ‘யுலிசீஸ்’ கையெழுத்துப் பிரதியில் இருக்கும் தேதி 1833 அக்டோபர் 20. அதற்கு இரண்டு வருடம் முன்னால்தான் டென்னிசனின் அப்பா போயிருந்தார். ஹாலமை இழந்த உணர்விலிருந்து எழுதியது இது, முன்னே போயே ஆக வேண்டும் என்பதை, ஹாலமுக்காகப் பின்னால் எழுதிய நீண்ட இரங்கற்பாவைவிட இதில்தான் ஒருவேளை எளிமையாகச் சொல்லியிருக்கிறேன் என்ற பொருளில் டென்னிசனே பின்னால் சொல்லியிருக்கிறார்.

இதைத் தெரிந்துகொண்டு நான்காம் துண்டை மறுபடி படியுங்கள். இந்தப் பயணத்தில் போய்ச் சேரும் ஊர் என்று ஒன்றுமே இல்லை. சூரியன் மறையும் இடத்துக்கு அப்பால், சாகும் வரை, அவ்வளவுதான். சுழல்கள் நம்மை விழுங்கலாம். இல்லையென்றால் இன்பத் தீவுகளைத் தொடலாம், நமக்குத் தெரிந்த மாவீரன் அக்கிலிஸைப் பார்க்கலாம். கவிதை முழுக்க அவன் பெயர் சொல்லி ‘பார்க்க வேண்டும்’ என்று நினைக்கும் ஒரே ஆள், இளம் வயதில் செத்துப்போன ஒரு தோழன். அறிவு, புது உலகம், எல்லைக்கு அப்பால் என்று பெரிய பெரிய பேச்செல்லாம் பேசிவிட்டு, கடைசியில் ஆசைப்படுவது செத்த நண்பனைப் பார்க்க. அக்கிலிஸுக்குப் பின்னால் ஹாலம் நிற்பதை நிறைய வாசகர்கள் பார்த்திருக்கிறார்கள். எனக்கும் அதில் சந்தேகம் இல்லை.

இதில் ஒரு குரூரமும் இருக்கிறது. ஹோமரில் யுலிசீஸ் இறந்தவர்களின் உலகத்தில் அக்கிலிஸை ஏற்கெனவே சந்தித்திருக்கிறான். அப்போது அக்கிலிஸ் சொன்னது: செத்தவர்களுக்கெல்லாம் அரசனாக இருப்பதைவிட, மேலே ஓர் ஏழைக் குடியானவனிடம் கூலி வேலை செய்து பிழைத்திருப்பது மேல். வாழ்வின் மேல் பசியை இதைவிட அப்பட்டமாக யாரும் சொன்னதில்லை. அதைக் காதால் கேட்டவன்தான் இப்போது, உயிரோடு இருக்கும் வீட்டையும் ஊரையும் விட்டுவிட்டு அக்கிலிஸ் இருக்கும் திசைக்குக் கப்பலைத் திருப்புகிறான்.

வீரனா, வீட்டை விட்டவனா?

இந்தச் சண்டை ரொம்ப நாளாக நடக்கிறது. தீர்த்துவிட வேண்டும் என்று அவசரப்படாதீர்கள். இரண்டு பக்கத்துக்கும் ஒவ்வொரு சம்பவம் சொல்கிறேன்.

1845இல் டென்னிசனுக்கு அரசு உதவித்தொகை கொடுப்பதா வேண்டாமா என்ற பேச்சு எழுந்தது. பிரதமர் ராபர்ட் பீலுக்கு டென்னிசன் யாரென்றே தெரியாது. டென்னிசனின் நண்பர் ரிச்சர்ட் மாங்டன் மில்ன்ஸ் அவரைப் படிக்கவைத்தது ‘யுலிசீஸ்’ கவிதையைத்தான். வருடத்துக்கு 200 பவுண்டு உதவித்தொகை கிடைத்தது. ஆட்சியை மகனிடம் தள்ளிவிட்டு ஓடுகிற அரசனின் பேச்சு ஆட்சியில் இருந்தவரை உருக்கிவிட்டது.

இன்னொன்று அண்டார்க்டிகாவில். ராபர்ட் ஸ்காட்டும் அவருடைய நான்கு தோழர்களும் தென்துருவத்தை அடைந்து, திரும்பும் வழியில் 1912இல் பனியில் இறந்தார்கள். 1913 ஜனவரியில் அப்சர்வேஷன் குன்றின் மேல் அவர்களுக்காக நட்ட மரச் சிலுவையில் இந்தக் கவிதையின் கடைசி வரியைச் செதுக்கினார்கள். பொருத்தம் என்றால் அப்படி ஒரு பொருத்தம். ஒரு தலைவன், அவனை நம்பிப் போனவர்கள், யாரும் திரும்பி வரவில்லை. இதே மாதிரி பேசித் தோழர்களை ஏற்றிவிட்ட யுலிசீஸைத்தான் தாந்தே நரகத்தில் போட்டார் என்பதை அந்தக் குன்றில் நின்றவர்கள் யாராவது நினைத்திருப்பார்களா தெரியாது.

எனக்கு இவன் கப்பலில் ஏற விருப்பம் இல்லை. ஆனால் இவன் பேச்சைக் கேட்க எத்தனை தடவை வேண்டுமானாலும் துறைமுகத்துக்குப் போவேன். இந்த இரண்டையும் சேர்த்து மனதில் வைத்துக்கொள்ள முடிந்தால் கவிதை பிடிபட்டுவிட்டது என்று அர்த்தம்.

கடைசி வரியை இப்போது மறுபடி சொல்லிப் பாருங்கள்: டு ஸ்ட்ரைவ், டு சீக், டு ஃபைண்ட், அண்ட் நாட் டு யீல்ட். பத்து அசை, ஐந்து அழுத்தம், துளி பிசகில்லை. அறுபத்தொன்பது வரியில் அங்கங்கே இழுத்து, நின்று, தடுமாறிய ஓசை கடைசியில் துடுப்புப் போடும் தாளத்துக்கு வந்துவிடுகிறது. அதனால்தான் அந்த வரி தனியாகக் கழன்று சுவரொட்டிக்குப் போகிறது. தனியாகப் படித்தால் ஊக்கம். அதற்கு முன்னால் காலத்தாலும் விதியாலும் பலம் போய்விட்டது என்று ஒப்புக்கொள்ளும் வரியோடு சேர்த்துப் படித்தால், தனக்கே தைரியம் சொல்லிக்கொள்கிறவனின் குரல் கேட்கும். பள்ளி விழாவில் மேற்கோள் காட்டுகிறவர்கள் குறைந்தது அந்த முந்தைய வரியையாவது சேர்த்துச் சொன்னால் புண்ணியம்.

அடுத்து என்ன படிப்பது

ஹாலமுக்காக டென்னிசன் பதினேழு வருடம் எழுதி 1850இல் வெளியிட்ட நீண்ட இரங்கற்பாவுக்கு உடனே தாவாதீர்கள். நூற்று முப்பதுக்கும் மேற்பட்ட பகுதிகள், மூச்சுமுட்டும். முதலில் ‘டித்தோனஸ்’ படியுங்கள். அதே 1833இல் தொடங்கி, திருத்தி, 1860இல் வெளியிட்ட கவிதை, நீளமும் ஏறக்குறைய இதே அளவுதான். அதில் பேசும் கிழவனுக்குச் சாவே கிடையாது, ஆனால் இளமையைக் கேட்டு வாங்க மறந்துவிட்டார்கள். என்னைச் சாகவிடு என்று விடியலின் தேவியிடம் கெஞ்சுகிறான். யுலிசீஸுக்கு வாழ்க்கை போதவில்லை, டித்தோனஸுக்குத் தாங்கவில்லை.

அது முடிந்ததும், ‘யுலிசீஸ்’ கவிதைக்கு முன்பே, 1832இல் வெளியான ‘லோட்டஸ் ஈட்டர்ஸ்’ என்பதை எடுங்கள். கொஞ்சம் நீளம்தான், ஆனால் பாட்டு மாதிரி ஓடும். அதன் முதல் வரியில் தலைவன் யுலிசீஸ் ‘தைரியம்!’ என்று ஒரு குரல் கொடுத்துக் கரையைக் காட்டுகிறான். அலை சீக்கிரம் நம்மைக் கரைசேர்க்கும் என்று அடுத்த வரியில் சொல்வதோடு அவன் பேச்சு முடிந்தது. தீவைப் பற்றிய வருணனைக்குப் பிறகு, மயக்கும் பழத்தைத் தின்றுவிட்டு மீதி முழுக்கப் பேசுவது அவனுடைய மாலுமிகள்: துடுப்பைப் பிடித்துப் பிடித்து அலுத்துவிட்டது, வீடும் வேண்டாம், அலைச்சலும் வேண்டாம், இனிமேல் நாங்கள் எங்கேயும் வருவதாக இல்லை. ‘யுலிசீஸ்’ கவிதையின் நான்காம் துண்டைப் படித்த கையோடு இதைப் படிப்பது நல்லது. அங்கே அவன் கூப்பிட்டபோது ஒரு வார்த்தையும் பேசாமல் நின்றவர்கள் இங்கேதான் வாயைத் திறக்கிறார்கள்.